வேளச்சேரி டு ஃபிராங்க்ஃபர்ட்... ஒரு தெரு நாயின் விமானப் பயணம்!

வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. விசா வந்துவிட்டது. குழந்தைக்கு ஸ்கூல் பார்த்தாயிற்று. வாஷிங் மெஷினை யாருக்குக் கொடுப்பது, ஸ்கூட்டரை எவ்வளவுக்குத் தள்ளிவிடுவது என்பது வரை பேசி முடித்தாயிற்று. கடைசியில் ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கும். வீட்டில் யாரும் அதைச் சத்தமாகக் கேட்க மாட்டார்கள்.

'நாயை என்ன பண்றது?'

சிலர் ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் விடுகிறார்கள். சிலர் ஃபேஸ்புக்கில் போட்டோ போட்டு, 'நல்ல வீடு தேவை' என்று எழுதுகிறார்கள். வெளியே சொல்லக் கூசும் காரியத்தைச் செய்பவர்களும் உண்டு. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, நான்கு ஏரியா தள்ளி இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள்.

என் பெரியம்மா மகள், அதாவது என் அக்கா, "மணியும் நம்மகூட ஜெர்மனி வரான்" என்றாள். வீடே அவளை ஒரு மாதிரி பார்த்தது. மணி ஒன்றும் லேப்ரடாரோ, கோல்டன் ரெட்ரீவரோ இல்லை. சுத்தமான வேளச்சேரித் தெரு நாய்.

அந்தப் பயணத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கூடவே இருந்து பார்த்தேன். 'ஐயோ, விமானத்துல நாய்க்கு என்ன ஆகுமோ!' என்றுதான் எல்லோரும் பயந்தார்கள். ஆனால், வானத்தில் பறக்கிற 10 மணி நேரத்தைவிட, அதற்கு முன்பு தரையில் செலவாகிற 5 மாதங்களில்தான் நாயின் பாதுகாப்பு முடிவாகிறது என்பது பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது.

வெள்ளத்தில் வந்த விருந்தாளி

2015 டிசம்பர் வெள்ளத்தை வேளச்சேரிக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். தரைத்தளத்தில் தண்ணீர் ஏறிய இரவில், மாடிப்படியில் நடுங்கிக்கொண்டு நின்ற ஒரு கறுப்புக் குட்டியைப் பெரியம்மாதான் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். மின்சாரம் இல்லாத அந்த நாள்களில் பிஸ்கட்டும் பால் பவுடரும் கொடுத்து வளர்த்த குட்டிதான் மணி.

ஆக, புறப்படும்போது அவனுக்கு ஒன்பது வயது. மனிதக் கணக்கில் பென்ஷன் வாங்குகிற வயசு. அதனால்தான் பெரியம்மா, "வயசான ஜீவனை ஏன்டி இப்படி வதைக்கிற? இங்கேயே இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்" என்றார்.

பெரியம்மாவுக்கு 70 வயதுக்கு மேல். இரண்டு முழங்காலும் வலி. 22 கிலோ எடையுள்ள நாய் சங்கிலியை இழுத்தால், விழுந்துவிடுவார். அக்காவுக்கு அது தெரியும். ஆனால், மணியைக் கூட்டிக்கொண்டு போனால் அந்த வீட்டில் பெரியம்மாவுக்குப் பேச்சுத்துணை ஒன்று குறையும் என்பதும் அக்காவுக்குத் தெரியும். இருவரும் ஒரு வாரம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

கடைசியில் முடிவு சொன்னது கால்நடை மருத்துவர். மணிக்கு ரத்தப் பரிசோதனை, இதயம், சிறுநீரகம் எல்லாம் பார்த்தார். "இதயம் நல்லா இருக்கு. நீளமான மூக்கு, மூச்சு விடுறதுல பிரச்னை இல்லை. பயணத்தைத் தாங்குவான். ஆனா, இன்னைக்கு ஆரம்பிச்சாத்தான் பிப்ரவரியில போக முடியும்" என்றார். அது 2024 செப்டம்பர் மாதம்.

முதலில் சிப்... அப்புறம்தான் ஊசி!

பிப்ரவரிப் பயணத்துக்கு செப்டம்பரிலேயே ஏன் ஆரம்பிக்க வேண்டும்? காரணம், ரேபிஸ்.

வெறிநாய்க்கடி நோய் இன்னும் ஒழியாத நாடு இந்தியா. அதனால், நம் நாட்டு நாய், பூனைகளைச் சேர்த்துக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியம் சில படிகளை வைத்திருக்கிறது. அந்தப் படிகளின் வரிசை மாறவே கூடாது.

முதல் படி, மைக்ரோசிப். அரிசி மணி அளவுள்ள சிப்பை ஊசி மூலம் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் செலுத்துவார்கள். அதில் 15 இலக்க எண் இருக்கும். இது ஜி.பி.எஸ் இல்லை. நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது. ரீடரை அருகில் கொண்டுபோனால் எண்ணை மட்டும் சொல்லும். நாயின் ஆதார் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகத் தரமான ஐ.எஸ்.ஓ சிப்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது படி, ரேபிஸ் தடுப்பூசி. சிப் போட்ட அன்றோ, அதற்குப் பிறகோ போட்ட ஊசிதான் கணக்கில் சேரும். மணிக்கு வருடம் தவறாமல் ஊசி போட்ட அட்டை இருந்தது. ஆனால் எதுவும் செல்லாது. 'அந்த ஊசியைப் போட்டுக்கொண்டது இதே நாய்தான்' என்பதற்கு சிப் இல்லாமல் சாட்சி கிடையாது அல்லவா? அதனால் சிப் போட்டு, மறுபடி முதலிலிருந்து ஊசி. இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, டிக்கெட்டும் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் நிறையப் பேர் என்கிறார் அந்த மருத்துவர்.

மூன்றாவது படி, டைட்டர் டெஸ்ட். ஊசி போட்டு குறைந்தது 30 நாள்கள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஊசி உடம்பில் வேலை செய்திருக்கிறதா என்று அங்கே அளப்பார்கள். ஒரு மில்லி லிட்டரில் 0.5 ஐ.யூ அல்லது அதற்கு மேல் எதிர்ப்பு சக்தி இருந்தால் பாஸ்.

நான்காவது படி, காத்திருப்பு. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதங்கள் முடிந்த பிறகுதான் ஐரோப்பிய மண்ணில் கால் வைக்க முடியும். 'டெஸ்டில்தான் பாஸாகிவிட்டதே, இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?' என்று தோன்றலாம். ரேபிஸ் கிருமி உடம்பில் நுழைந்து, நோய் வெளியே தெரிவதற்கு வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். ஊசிக்கு முன்பே தொற்று வந்திருந்தால், அது இந்த 3 மாதங்களில் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

ஆக, 30 நாள்கள், அதற்கு மேல் 3 மாதங்கள். எவ்வளவு பணம் கொடுத்தாலும், எந்த ஏஜென்ட்டைப் பிடித்தாலும் இந்த 4 மாதங்களைச் சுருக்க முடியாது. குட்டி நாய் என்றால், 12 வார வயதுக்குப் பிறகு போட்ட ஊசிதான் செல்லும். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 7 மாத வயதாகும் முன் இந்தியாவிலிருந்து எந்தக் குட்டியும் ஐரோப்பாவுக்குள் நுழைய முடியாது.

ஒரே ஒரு ஆறுதல். இந்த டெஸ்டில் ஒருமுறை பாஸாகிவிட்டால், அடுத்தடுத்த ஊசிகளைத் தேதி தவறாமல் போட்டுவந்தால் போதும். ஐரோப்பாவுக்கு மறுபடி அந்த டெஸ்ட் தேவையில்லை. ஒரு நாள் தவறினாலும் பழையபடி ஊசியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்!

22 கிலோ நாய்க்கு 90 கிலோ பில்

அடுத்தது கூண்டு. விமானத்தில் விலங்குகளை ஏற்றுவதற்கு 'ஐயாட்டா' என்ற சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கம் விதிமுறைகள் வைத்திருக்கிறது. நாய் தலை இடிக்காமல் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். இதுதான் அடிப்படை.

அளவெடுக்க ஒரு டெய்லர் டேப் போதும். நாயை நிற்க வைத்து நான்கு அளவுகள் எடுங்கள்.

* மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை. மணிக்கு 72 செ.மீ.
* தரையிலிருந்து முன்னங்கால் முட்டி வரை. மணிக்கு 34 செ.மீ.
* தோள்பட்டையின் அகலம். மணிக்கு 20 செ.மீ.
* தரையிலிருந்து தலை உச்சி வரை, காது விறைப்பாக நின்றால் காது நுனி வரை. மணிக்கு 62 செ.மீ.

முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம் (72 + 17 = 89 செ.மீ.). மூன்றாவதை இரண்டால் பெருக்கினால் அகலம் (40 செ.மீ.). நான்காவது அளவும், அடியில் விரிக்கும் துணியின் கனமும் சேர்ந்தால் உயரம். இவை எல்லாம் கூண்டின் உள்ளளவுகள். குட்டை மூக்கு நாய்களுக்கு இதைவிட 10 சதவிகிதம் பெரிதாக இருக்க வேண்டும்.

மணிக்குப் பொருந்திய கூண்டின் வெளியளவு 102 x 69 x 76 செ.மீ. இங்கேதான் எல்லோருக்கும் ஒரு ஷாக் காத்திருக்கிறது. விமான கார்கோவில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. அடைக்கிற இடத்தையும் எடையாக மாற்றிக் கணக்கிடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் வருவது 89 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். நாயும் கூண்டும் சேர்ந்து நிஜ எடை 33 கிலோதான். ஆனால், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில்! ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நெடுநெடுவென்று வளரும் நம் ஊர் நாய்களை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

எல்லாச் செலவும் சேர்ந்து ஒரு புது புல்லட் பைக் விலை ஆனது. "பைக் வாங்கினா வாலாட்டுமா?" என்று கேட்டு மாமா பேச்சை முடித்துவிட்டார்.

கூண்டை வாங்கிப் பரணில் போட்டுவிட்டு, கிளம்பும் நாளில் இறக்கினால் அது நாய்க்கு ஜெயில். அக்கா நவம்பரிலேயே ஹாலில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். முதலில் கதவைக் கழற்றி வைத்தாள். உள்ளே மணியின் பழைய போர்வை. சாப்பாட்டுத் தட்டு வாசலிலிருந்து தினமும் ஓரடி உள்ளே போனது. டிசம்பரில் அவன் மதியத் தூக்கமே அங்கேதான். பிறகு கதவை மாட்டி 5 நிமிடம், அரை மணி, 2 மணி நேரம் என்று மூடிப் பழக்கினாள். ஜனவரியில் ராத்திரி முழுக்க உள்ளே தூங்கினான். இந்த இரண்டரை மாதப் பழக்கத்தைவிட நல்ல தூக்க மருந்து கிடையாது.

பள்ளிக்கரணையில் ஒரு காலை

சென்னையிலிருந்து வெளிநாடு போகும் செல்லப்பிராணிகளுக்கான அரசுச் சான்று கிடைக்கும் இடம், மத்திய அரசின் விலங்குகள் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம். சுருக்கமாக ஏ.க்யூ.சி.எஸ். இருப்பது பள்ளிக்கரணையில். நம் தெரு டாக்டர் கொடுக்கும் சான்றிதழ் மட்டும் எல்லையில் போதாது. அரசுக் கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும்.

ஐரோப்பாவுக்கான சான்றிதழ், நாய் அங்கே போய்ச் சேரும் தேதிக்கு முந்தைய 10 நாள்களுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதனால் சீக்கிரமாகவும் போக முடியாது, தாமதமாகவும் போக முடியாது. முன்கூட்டியே விண்ணப்பித்து, எந்த நாளில் நாயை அழைத்து வர வேண்டும் என்று கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் சனி, ஞாயிறோ அரசு விடுமுறையோ வந்தால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள். பொங்கல், தீபாவளி நேரத்தில் பயணம் வைப்பவர்களுக்கு இது முக்கியம்.

பிப்ரவரிக் காலை. ஒரு பக்கம் ஐ.டி கம்பெனிக் கட்டடங்கள், மறுபக்கம் சதுப்புநிலம். 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த இந்தச் சதுப்புநிலத்துக்குக் குளிர்காலத்தில் கண்டம் தாண்டிப் பறவைகள் வரும். சிப் கிடையாது, முத்திரை கிடையாது, தண்ணீர் இருக்கும் இடம் தெரிந்தால் போதும். மணியோ, ஒரு கட்டு ஃபைலோடு காரின் பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக அந்தப் பறவைகளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

சிப் எண், தடுப்பூசித் தேதி, டைட்டர் ரிசல்ட் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். ஒரு தாளில் இருக்கும் சிப் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் ஃபிராங்க்ஃபர்ட்டில் சிக்கல்தான். அக்கா அந்த 15 இலக்கங்களையும் மனப்பாடமாகச் சொல்லும் நிலைக்கு வந்திருந்தாள்.

நள்ளிரவு மீனம்பாக்கம்

செல்லப்பிராணி விமானத்தில் மூன்று வழிகளில் போகலாம். சின்ன நாய், பூனை என்றால் சில நிறுவனங்களில் சீட்டுக்கு அடியில், பையில் வைத்து. அடுத்தது, பயணியின் லக்கேஜ் கணக்கில் விமானத்தின் அடிப்பகுதியில். மூன்றாவது, தனியாக புக் செய்யப்பட்ட கார்கோவாக. எது கிடைக்கும் என்பதை விமான நிறுவனமும், போய்ச்சேரும் நாடும் சேர்ந்து தீர்மானிக்கும். மணி மூன்றாவது ரகம்.

'கார்கோவா! காற்றே இருக்காதே' என்று பதறுபவர்கள் அதிகம். விலங்குகளை ஏற்றும் அடிப்பகுதியிலும் பயணிகள் பகுதியில் இருக்கும் அதே காற்றழுத்தம்தான். வெப்பநிலையையும் பைலட் கட்டுப்படுத்துவார். கூண்டு ஏறப்போவது பைலட்டுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்கப்படும். விமானம் பறக்கத் தொடங்கியதும் விளக்கு அணைந்து இருட்டாகிவிடும். பழகிய கூண்டில் இருக்கும் நாய்க்கு அது தூங்கும் நேரம்.

ஆபத்து அதிகம் இருப்பது தரையில்தான். ஏற்றுவதற்கு முன் வெயிலில் காத்திருக்கும் நேரம், விமானம் மாறும் ஊரில் காத்திருக்கும் நேரம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் மீனம்பாக்கத்தின் ஓடுபாதைக்குப் பக்கத்தில் நிற்கும் கூண்டு எப்படிச் சுடும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் கோடையில் பல நிறுவனங்கள் நாய்களை ஏற்றவே மறுக்கின்றன. நம் ஊரிலிருந்து கிளம்ப நல்ல காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. நல்ல நேரம், ராத்திரி. நல்ல டிக்கெட், நடுவில் மாறாத நேரடி விமானம். அக்கா மூன்றையும் பிடித்துவிட்டாள்.

அன்றைக்கு மணிக்குச் சாப்பாடு மாலையிலேயே முடிந்தது, அதுவும் பாதி அளவுதான். வயிறு நிரம்பியிருந்தால் வாந்தி எடுக்கும். தண்ணீர் மட்டும் கடைசிவரை. கூண்டுக் கதவில் மாட்டிய கிண்ணத்தில், வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்ற முடியும்படி அமைப்பு. முதல் நாள் ராத்திரியே கிண்ணத்தில் ஐஸாக உறையவைத்து மாட்டிவிட்டால், தூக்கும்போது சிந்தாது, மெல்லக் கரைந்து குடிக்கக் கிடைக்கும். பிளாஸ்டிக் கிளிப்புகளுக்குப் பதில் இரும்பு போல்ட், நட். மேலேயும் பக்கவாட்டிலும் 'லைவ் அனிமல்ஸ்' ஸ்டிக்கர், அம்புக்குறி. மணியின் போட்டோவும், பெயரும், இரண்டு நாட்டு போன் நம்பர்களும் கூண்டின் மேல் ஒட்டப்பட்டன. உள்ளே பெரியம்மாவின் பழைய நூல் புடவை. துவைக்காதது. அந்த யோசனை டாக்டருடையது. புடவையைக் கேட்காமலே எடுத்துக்கொடுத்தது பெரியம்மா.

கார்கோ வாசலோடு எனக்கு அனுமதி முடிந்தது. பாதுகாப்புச் சோதனைக்கு நாயை வெளியே எடுத்து, காலிக் கூண்டை மட்டும் எக்ஸ்ரேயில் அனுப்புவார்கள். நாய் மிரண்டு ஓடிவிடும் வாய்ப்புள்ள இடம் இதுதான். கழுத்துப் பட்டையை நம்பாமல், மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் போட்டுப் பிடித்திருக்க வேண்டும். பூனை வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

மணி திரும்பிப் பார்க்கவில்லை. புடவையைக் காலால் சுருட்டி, மேலே படுத்துக்கொண்டான் என்றாள் அக்கா. அவள் அதே விமானத்தில் ஏறப் போய்விட்டாள். நாயும் சொந்தக்காரரும் 5 நாள் இடைவெளிக்குள் பயணம் செய்தால்தான் ஐரோப்பாவில் அது 'செல்லப்பிராணி'. அதைத் தாண்டினால் வியாபாரச் சரக்குக்கான விதிகள் வந்துவிடும்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் 'பீப்'

இந்தியாவிலிருந்து வரும் செல்லப்பிராணி ஐரோப்பாவுக்குள் எந்த வழியாக வேண்டுமானாலும் நுழைய முடியாது. அதற்கென்று குறிப்பிட்ட நுழைவு இடங்கள் உண்டு. ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையம் அதில் ஒன்று. அங்கே லுஃப்தான்ஸா கார்கோ நிறுவனத்தின் 'அனிமல் லவுஞ்ச்' 2008 முதல் இயங்குகிறது. சுமார் 4,000 சதுர மீட்டர். பந்தயக் குதிரை, மிருகக்காட்சி சாலை விலங்கு, அலங்கார மீன், வீட்டுப் பூனை என்று எல்லோருக்கும் அதுதான் டிரான்ஸிட். அரசுக் கால்நடை மருத்துவர்களின் எல்லைச் சோதனையும் நடக்கும்.

முதலில் அவர்கள் பார்த்தது ஃபைலை இல்லை. ரீடரை எடுத்து மணியின் தோளுக்கு மேல் நகர்த்தினார்கள். 'பீப்' என்ற சத்தம். திரையில் வந்த எண்ணும் தாளில் இருந்த எண்ணும் ஒன்றுதான். 5 மாத உழைப்புக்கு அந்த ஒரு சத்தம்தான் ரிசல்ட்!

அதோடு கதை சுபமாக முடிந்துவிடவில்லை. முதல் இரண்டு நாள்கள் மணி சாப்பிடவில்லை. மேஜைக்கு அடியிலேயே கிடந்தான். உறைபனி படிந்த புல்லில் காலை வைத்துவிட்டு, சுட்டதுபோல எடுத்துக்கொண்டான். அக்காவுக்கு, 'தப்புப் பண்ணிட்டோமோ?' என்ற பயம் வந்தது. இடம் மாறிய நாய்க்கு இது சகஜம் என்றார் அங்கிருந்த மருத்துவர். அவர் சொன்னபடி அதே கூண்டு, அதே புடவை, அதே நேரத்துக்குச் சாப்பாடு என்று கொடுத்துவந்தாள். மூன்றாம் நாள் தட்டு காலியானது. இரண்டாவது வாரம், பக்கத்துப் பூங்காவில் ஒரு டாக்ஸ்ஹண்டைப் பார்த்துக் குரைத்தான். "வேளச்சேரி ரவுடி திரும்பி வந்துட்டான்" என்று மெசேஜ் வந்தது.

ஜெர்மனியில் நாய்க்கு நகராட்சியில் பதிவு செய்து வருடாவருடம் வரி கட்ட வேண்டும். ரயிலில் நாயைக் கூட அழைத்துப் போகலாம். வேளச்சேரி பறக்கும் ரயிலைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் குரைத்தவன், இப்போது ரயிலுக்குள் படுத்துக்கொண்டு போகிறான்.

எந்த நாட்டுக்கு என்ன சட்டம்?

*அமெரிக்கா:* 2024 ஆகஸ்ட் 1 முதல் நாய்களுக்குப் புது விதிகள். குறைந்தது 6 மாத வயது, மைக்ரோசிப் கட்டாயம். இந்தியா ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகள் பட்டியலில் இருப்பதால், இங்கே ஊசி போட்ட நாய், சி.டி.சி அங்கீகாரம் பெற்ற விலங்குப் பராமரிப்பு மையம் உள்ள விமான நிலையத்தில்தான் இறங்க வேண்டும். முன்பதிவும் அவசியம். டைட்டர் டெஸ்ட் இல்லையென்றால் 28 நாள்கள் தனிமை.

*இங்கிலாந்து:* நாய், பூனைகள் விமானத்தில் கார்கோவாக மட்டுமே வர முடியும். சீட்டுக்கு அடியில், லக்கேஜில் எல்லாம் கிடையாது. ரேபிஸ் படிகளோடு, நாய்க்கு நாடாப்புழு மருந்தும் நுழைவதற்கு முன் 24 முதல் 120 மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

*சிங்கப்பூர்:* நம்மவர்கள் அதிகம் போகும் ஊர். இந்தியாவிலிருந்து போகும் நாய், பூனைக்குக் குறைந்தது 30 நாள்கள் தனிமை. அதைவிட முக்கியம் வீடு. அரசு ஹெச்.டி.பி அடுக்குமாடியில் அனுமதிக்கப்பட்ட சின்ன இன நாய் ஒன்றுதான் வளர்க்கலாம். பூனைக்கு 2024 செப்டம்பரில்தான் அனுமதியே வந்தது. வாடகை ஒப்பந்தத்தைப் பார்க்காமல் நாய்க்கு டிக்கெட் போடாதீர்கள்.

*ஆஸ்திரேலியா:* இருப்பதிலேயே கறார். ரேபிஸ் இல்லாத நாடு. இந்தியாவிலிருந்து நேரடியாக நாயைக் கொண்டுபோக முடியாது. அவர்கள் அங்கீகரித்த வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் தங்கவைத்து, அங்கிருந்துதான் போக முடியும். அதன் பிறகும் மெல்பர்னுக்கு அருகில் மிக்கிள்ஹாமில் தனிமை உண்டு. 2015-ல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு குட்டி நாய்கள் சொல்லாமல் கொள்ளாமல் தனி விமானத்தில் வந்து இறங்கியபோது, 'திருப்பி அனுப்புங்கள், இல்லையென்றால் கொன்றுவிடுவோம்' என்று அமைச்சரே கெடு வைத்தார். விவகாரம் கோர்ட் வரை போனது.

*இந்தியாவுக்குத் திரும்பும்போது:* ஏ.க்யூ.சி.எஸ்-ஸிடம் முன்கூட்டியே தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற, இந்த வசதி உள்ள விமான நிலையங்களில் மட்டுமே இறங்கலாம்.

*உள்ளூர்ப் பயணம்:* ஏர் இந்தியாவும் ஆகாசா ஏரும் செல்லப்பிராணிகளை ஏற்றுகின்றன. இண்டிகோவில் சேவை நாய்களுக்கு மட்டுமே அனுமதி. எடை வரம்பு அடிக்கடி மாறும் என்பதால் டிக்கெட்டுக்கு முன் போன் செய்து கேளுங்கள். ரயில் என்றால், முதல் வகுப்பு ஏ.சி-யில் முழு கூபேயை புக் செய்து நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம்.

கூண்டுக்கிளி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பச்சைக்கிளியை 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்ப்பதே குற்றம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் பேச்சே கிடையாது.

யாரை ஏற்றக் கூடாது?

பக், புல்டாக், பாக்ஸர் போன்ற குட்டை மூக்கு நாய்களும் பெர்ஷியன் பூனைகளும்தான் பெரிய கவலை. மூச்சுக்குழாய் இயல்பிலேயே குறுகியது. பயம், சூடு இரண்டும் சேர்ந்தால் மூச்சுத்திணறல். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2005 மே முதல் 5 ஆண்டுகளில் பதிவு செய்த 122 விமான நாய் மரணங்களில், கலப்பில்லாத இன நாய்களில் ஏறக்குறைய பாதி இந்தக் குட்டை மூக்கு வகைகள். பல நிறுவனங்கள் இவற்றை கார்கோவில் ஏற்றுவதே இல்லை.

'தூக்க மாத்திரை கொடுத்துவிட்டால் நிம்மதியாக வருமே' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மயக்க மருந்து ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் குறைக்கும். கூண்டு சாயும்போது நாயால் சமாளித்து நிற்க முடியாது. மயங்கிய நிலையில் வரும் நாயை விமான நிறுவனமே திருப்பி அனுப்பிவிடும்.

இதய நோய் உள்ள நாய், கர்ப்பமாக இருக்கும் நாய், யாரைப் பார்த்தாலும் பீதியில் கடிக்க வரும் நாய்... இவற்றுக்கெல்லாம் 'போக வேண்டாம்' என்பதுதான் பாசமான பதில். அப்படியென்றால், புது வீட்டைக் கிளம்பும் வாரத்தில் தேடாதீர்கள். மூன்று மாதம் முன்பே தேடி, சனி ஞாயிறுகளில் அங்கே விட்டுப் பழக்கி, படுக்கையோடும் ஊசி அட்டையோடும் ஒப்படையுங்கள். பட்டினியாலும் தாகத்தாலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

மணி போன பிறகு பெரியம்மா ஒரு வாரம் வீடியோ காலில் அவனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எட்டாம் நாள், "அந்த ஊர்ல அவனுக்குத் தயிர் சாதம் கிடைக்குதா?" என்று மட்டும் கேட்டார். கிடைக்கிறது. ஆனால், வேளச்சேரி வீட்டின் மாடிப்படி காலியாகத்தான் இருக்கிறது. நாயைக் கூட்டிக்கொண்டு போனாலும், விட்டுவிட்டுப் போனாலும் யாரோ ஒருவருக்கு ஒரு வெற்றிடம் வரத்தான் செய்யும். அதில் நாய்க்கு எது நல்லது என்று நிதானமாக யோசிப்பதற்கும் நாள்கள் தேவை.

அதனால், வெளிநாட்டு வேலைக்கான ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்த அன்றைக்கே சொந்தக்காரர்களுக்கு போன் போட்டுச் சொல்லுங்கள். அடுத்த போன், உங்கள் கால்நடை மருத்துவருக்கு. டிக்கெட்டெல்லாம் அப்புறம்!